கிளையா, தலைமையகமா? மட்டக்களப்பு, அம்பாறைத் தொண்டர் கிளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உலகளாவிய தொண்டர் அமைப்பொன்றின் கிளையை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பொத்துவிலிலோ நடத்துபவர்களுக்கு மேலே இரண்டு படிகள் உண்டு. ஒன்று கொழும்பில் இருக்கும் தேசியத் தலைமையகம். மற்றது ஜெனீவாவிலோ லண்டனிலோ இருக்கும் உலகத் தலைமையகம். எதைக் கேட்டுச் செய்வது, எதைக் கேட்காமல் செய்வது என்ற குழப்பத்துக்கான பதில்கள் இங்கே. ரூபாத் தொகைகளும் நாட்கணக்குகளும் உதாரணங்கள்தான். உங்கள் யாப்பு (அமைப்பின் விதித்தொகுப்பு) வேறு சொன்னால் யாப்பே செல்லும்.

"எங்கள் கிளை சுயாதீனமானது" என்று சொல்கிறோம். அதற்கு என்ன பொருள்?

பெரும்பாலும் ஒரு பொருளும் இல்லை. கூட்டத்தில் கைதட்டு வாங்கும் சொல் அது. காசோலைக்குக் கையெழுத்து வைக்கும்போது உதவாது. சண்டை வருவதெல்லாம் நான்கு இடத்தில்தான். பெயரையும் இலச்சினையையும் யார் பாவிப்பது? காசை யார் செலவழிப்பது? பொறுப்புக்கு ஆளைப் போடுவதும் நீக்குவதும் யார்? அவசரத்தில் யாரையும் கேட்காமல் எதைத் தொடங்கலாம்? இந்த நான்குக்கும் "இவ்வளவு வரை கிளை, அதற்கு மேல் தலைமையகம்" என்று தொகையாகவும் நாளாகவும் எழுதியிருந்தால் உங்களுக்குச் சுயாதீனம் இருக்கிறது. எழுதாமல் விட்டிருந்தால் இருப்பது தலைமையகத்தின் தயவு. அங்கே செயலாளர் மாறினால் தயவும் மாறும்.

மற்ற உலக அமைப்புகள் இதை எப்படிப் பிரித்திருக்கின்றன?

ஒன்றுபோல் ஒன்று இல்லை. றோட்டரி இன்டர்நஷனலின் உறுப்பினர்கள் தனி ஆட்கள் அல்லர், கழகங்கள். ஊர்க் கழகம் தன் வேலைத்திட்டத்தையும் அங்கத்தவரையும் தானே தெரிவு செய்யும். றோட்டரியின் கணக்கில் இலங்கையும் மாலைதீவும் சேர்ந்து 3220ஆம் மாவட்டம். அதன் ஆளுநர் ஒரு வருடத்துக்குத்தான் பதவியில் இருப்பார்.

செஞ்சிலுவை, செம்பிறை இயக்கம் வேறு மாதிரி. 1965இல் வியன்னாவில் அறிவிக்கப்பட்ட ஏழு அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று "ஒருமைப்பாடு": ஒரு நாட்டில் ஒரே ஒரு சங்கம்தான் இருக்கலாம், அது நாடு முழுவதும் வேலை செய்ய வேண்டும். ஆகவே மாவட்டக் கிளை என்பது தேசியச் சங்கத்தின் ஒரு பகுதி. ஜெனீவாவுக்கு நேராகக் கடிதம் எழுதி அங்கத்துவம் கேட்க முடியாது.

வை.எம்.சி.ஏ. இதற்கு நேர்மாறு. 1855இல் பாரிஸில் கூடியபோதே பொது நோக்கம் ஒன்று, அவரவர் அமைப்பும் செயல்முறையும் அவரவருக்கு என்று ஒத்துக்கொண்டார்கள்.

றோட்டரியில் பழகியவர் செஞ்சிலுவைக் கிளைக்கு வந்து "அங்கே நாங்களே முடிவெடுப்போம்" என்று வாதாடினால் பொழுதுதான் போகும். முதலில் உங்கள் அமைப்பு எந்த வகை என்று பாருங்கள்: கிளைகள் சேர்ந்து தலைமையை உண்டாக்கியதா, தலைமை கிளைகளைத் திறந்ததா? யாப்பின் முதல் இரண்டு பக்கத்திலேயே விடை இருக்கும்.

கிளையைத் தனியாகப் பதிவு செய்யலாமா? செய்ய வேண்டுமா?

இலங்கையில் வழிகள் பல. தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவதற்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 1891ஆம் ஆண்டின் சங்கங்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதியலாம். பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவந்து கூட்டிணைப்பதும் (சட்டப்படி தனி அமைப்பாக்குவதும்) உண்டு. 1958இல் தொடங்கிய கிராம மேம்பாட்டு இயக்கமான சர்வோதயம் 1972இல் அப்படிக் கூட்டிணைக்கப்பட்டது. அதன் கிராமச் சங்கங்கள் தனித்தனியாகவும் பதியப்படுவதால், தாய் அமைப்பைச் சாராமல் கணக்கும் கடனும் வைத்துக்கொள்ள முடிகிறது. பெரிய இயக்கத்துக்குள் ஊர்ச் சங்கம் தன் காலில் நிற்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள உதாரணம் இது.

பதிவுக்குப் போகுமுன் சேர்க்க வேண்டியவை: பொதுக்கூட்டத்தில் நிறைவேறிய யாப்பு, தீர்மானம் எழுதிய கூட்ட அறிக்கையின் பிரதி, நிர்வாக சபைப் பட்டியல் (அடையாள அட்டை இலக்கம், விலாசத்தோடு), கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தலைமையகத்தின் சம்மதக் கடிதம். கடைசியில் சொன்னதைத்தான் பலர் விடுகிறார்கள். உலகப் பெயரை வைத்துப் பதிந்துவிட்டுப் பிறகு சம்மதம் கேட்டால், "எங்கள் பெயரில் இன்னொரு அமைப்பு உருவாகிவிட்டது" என்றுதான் கொழும்பு அதைப் பார்க்கும்.

பதிவு சும்மா கிடைக்கும் மரியாதை அல்ல. சட்டத்தின் முன் கிளை தனி அமைப்பானால் வழக்கும் கடனும் கிளையின் தலையில்தான் விழும். வருடாந்தக் கணக்கு, அறிக்கை எல்லாம் இரண்டு இடத்துக்குக் கொடுக்க வேண்டும். இருபது முப்பது தொண்டர்களும் ஒரு வாடகை அறையும் உள்ள கிளைக்கு இது தேவையில்லை என்பதே எங்கள் எண்ணம். ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கவோ, காணி வாங்கவோ, வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதவோ தொடங்கும்போது யோசியுங்கள்.

பெயரையும் இலச்சினையையும் எங்கள் விருப்பப்படி போடலாமா?

இல்லை. சுயாதீனம் கேட்கவே கூடாத இடங்களில் இது ஒன்று. பெயர் போனால் எல்லாக் கிளைக்கும் போகும்.

கிறீன்பீஸ் என்ற சூழல் பாதுகாப்பு அமைப்பு கனடாவின் வன்கூவரில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவியபோது பெயர் யாருக்குச் சொந்தம் என்பதே வழக்காகி, வன்கூவர் அலுவலகம் சான்பிரான்சிஸ்கோ அலுவலகத்தின் மேல் வழக்குப் போட்டது. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் 1979இல் கிறீன்பீஸ் இன்டர்நஷனல் உருவானது. செஞ்சிலுவைச் சின்னத்தின் நிலை இன்னும் கடுமை: அது ஜெனீவா சமவாயங்களின் பாதுகாப்பில் இருப்பது, அந்தச் சமவாயங்களுக்கு இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. போர் நடந்த மாவட்டத்தில் அந்தச் சின்னம் உயிர் காக்கும் அடையாளம். கிரிக்கெட் சுற்றுப்போட்டி ரீசேட்டில் போடுவதற்கு உரியதல்ல.

நடைமுறையில் கெட்டுப்போவது பதாகையில்தான். அனுசரணையாளர் ஒருவர் பதாகைக்குக் காசு தருகிறார். கடைசி நேரத்தில் அவர் படம் இலச்சினையைவிடப் பெரிதாக வந்துவிடுகிறது. தேர்தல் வருடமென்றால் அவர் வேட்பாளராகவும் இருப்பார். அச்சகத்துக்குக் கோப்பைக் கொடுப்பவர் ஒருவர் மட்டும் என்று வையுங்கள். அச்சிடுமுன் வரைவைப் படமெடுத்துக் கொழும்பில் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், 24 மணி நேரத்தில் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள். றப்பர் சீல் ஒன்றுதான் இருக்க வேண்டும், அது செயலாளரிடம் இருக்க வேண்டும். இரண்டாவது சீல் வெட்டிய நாளிலிருந்து கடிதங்களுக்குப் பொறுப்பாளி இல்லை.

சொந்த வங்கிக் கணக்கு இருக்கலாமா? வெளிநாட்டிலுள்ள ஊரவர் நேராகக் காசு அனுப்பினால்?

கணக்கு இருக்கலாம், ஆனால் தலைமையகத்துக்குத் தெரியாத கணக்கு இருக்கக் கூடாது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து, அதில் பொருளாளர் கட்டாயம் என்பது வழமை. மூவரும் ஒரே குடும்பத்தவராகவோ ஒரே கந்தோரில் மேலதிகாரியும் கீழ்ப்பணியாளருமாகவோ இருக்கக் கூடாது. கையெழுத்து வைத்த வெற்றுக் காசோலையைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போகும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

ரொறன்ரோ, லண்டன், சூரிச் என்று இருக்கும் நம்மவர்கள் "தலைமையகத்துக்கு அனுப்பினால் பாதி அங்கேயே போய்விடும், உங்கள் பெயருக்கே போடுகிறோம்" என்பார்கள். நல்ல மனம்தான். ஆனால் தனி ஆளின் சேமிப்புக் கணக்கில் விழும் காசு சட்டப்படி அந்த ஆளின் காசு. கிளைக் கணக்கில் மட்டும் வாங்குங்கள், எந்த வேலைக்கு என்று அனுப்புபவர் ஒரு வரி எழுதித் தரட்டும், அன்றே இலக்கமிட்ட பற்றுச்சீட்டு எழுதிப் படம் அனுப்புங்கள். தலைமையகத்தோடு முன்கூட்டியே ஒரு விகிதம் பேசி முடியுங்கள். உதாரணமாக, கிளை தேடிய காசில் 90 வீதம் கிளைக்கு, 10 வீதம் கணக்காய்வு, காப்புறுதி போன்ற பொதுச் செலவுக்கு. இந்த 10 வீதத்தைக் கப்பம் என்று சொல்பவர்கள் உண்டு. தொண்டர் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து கால் உடைந்த அன்று காப்புறுதி எங்கிருந்து வந்தது என்று அவர்கள் யோசிக்கட்டும்.

வெள்ளம் வந்தால் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சரியாக எழுதி வைத்திருந்தால் காத்திருக்கத் தேவையில்லை.

பிரச்சினை எளிமையானது. கார்த்திகையிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. தண்ணீர் வீட்டுக்குள் வருவது விடியப்புறம் மூன்று மணிக்கு; கொழும்பில் அலுவலகம் திறப்பது எட்டரைக்கு; அன்று ஞாயிறென்றால் திறக்கவே திறக்காது. தலைமையகத்தின் கொள்வனவு விதி மூன்று கடையில் எழுத்தில் விலை கேட்கச் சொல்கிறது. ஐந்து மணிக்கு ஊரில் திறந்திருப்பது ஒரு கடை, அதுவும் முதலாளியின் வீட்டுக் கதவைத் தட்டினால்.

அந்த விடியலில் என்ன தேவை என்று கிட்டப் போய்ப் பாருங்கள். பாடசாலையில் நூறு பேர் இருக்கிறார்கள். ஒரு நேரச் சோற்றுக்கு ஏறக்குறைய 12 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு, பத்துத் தேங்காய், பூசணியோ கத்தரியோ 10 கிலோ, வெங்காயம், மிளகாய், உப்பு. இரண்டு பெரிய கிடாரம். விறகு நனைந்திருக்கும், அதனால் எரிவாயு அடுப்பு. துருவ, வெட்ட, கிளற நான்கைந்து பேர். இரண்டரை மணி நேரம். ஆறு மணிக்கு அடுப்பு மூட்டினால் எட்டரைக்குச் சாப்பாடு. எட்டரைக்கு அனுமதி கேட்டு, பத்துக்கு அனுமதி வந்து, பிறகு சாமான் வாங்கினால் சாப்பாடு பின்நேரம் ஒன்றுக்குத்தான். பிள்ளைகள் அதுவரை பிஸ்கட்டில் இருப்பார்கள். நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் வயோதிபருக்கு அதுவும் ஆகாது.

ஆகவே "அவசரப் பிரிவு" என்று ஒரு பக்கத்தை முன்கூட்டியே எழுதிக் கொழும்பின் கையெழுத்தோடு கோப்பில் வையுங்கள். ஐப்பசிக்குள் முடித்துவிட வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

எப்போது தொடங்கும்: கிராம உத்தியோகத்தரோ பிரதேச செயலகமோ மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவோ உதவி கேட்டால். தொலைபேசியில் கேட்டாலும் போதும், ஆனால் யார், எத்தனை மணிக்கு என்று குறித்துவைக்க வேண்டும்.

எவ்வளவு, எவ்வளவு நேரம்: முதல் 72 மணி நேரத்துக்கு, குறித்த உச்சவரம்புக்குள். உச்சவரம்பை ரூபாயில் மட்டும் எழுதாதீர்கள். 2022 விலையேற்றத்துக்கு முன் எழுதிய 50,000 ரூபா வரம்புகள் இன்னும் பல கோப்பில் கிடக்கின்றன, அதற்கு இப்போது ஏறக்குறைய பாதிச் சாமான்தான் வரும். "300 பேருக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு நேரச் சமைத்த உணவுக்கான செலவு" என்று எழுதினால் விலையோடு வரம்பும் ஏறும்.

யார் சொல்வது: தலைவர், செயலாளர், பொருளாளரில் இருவர் தொலைபேசியில் ஒத்துக்கொண்டால் போதும். ஒரு கடை விலையில் வாங்கினால் "வேறு கடை திறக்கவில்லை" என்று வவுச்சரின் பின்புறத்தில் அன்றே எழுதி ஒப்பமிட வேண்டும். ஒரு மாதம் கழித்து எழுதினால் கணக்காய்வாளர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

அவசரத்திலும் செய்யக் கூடாதவை: பயிற்சியில்லாத தொண்டரை ஓடும் தண்ணீரில் தோணியில் அனுப்புவது, மருந்து கொடுப்பது, அமைப்பின் பெயரில் தொலைக்காட்சிக்குப் பேட்டி, வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம்.

எப்போது சொல்வது: 24 மணி நேரத்துக்குள் ஐந்து வரிச் செய்தி (எங்கே, எத்தனை பேர், என்ன கொடுத்தோம், எவ்வளவு செலவு, இனி என்ன வேண்டும்). ஏழு நாளுக்குள் கணக்கு.

இத்தனை எழுதியும் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. பிரதான வீதியோர முகாமுக்கு ஐந்து அமைப்புகள் பார்சலோடு வரும், வீதியை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊருக்கு ஒருவரும் வரார். பிரதேச செயலகத்தில் நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு ஒருவரைக் கட்டாயம் அனுப்பி, உங்களுக்கு எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று பெயர் சொல்லி வாங்குங்கள். இந்த விஷயத்தில் கொழும்பைவிடப் பிரதேச செயலாளரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பதே சரி.

மேலிடம் இலக்கு அனுப்புகிறது: "இத்தனை வீடு, இத்தனை பொதி." எங்கள் ஊருக்கு அது தேவையில்லையே?

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிகம் உயிரிழந்தது அம்பாறை மாவட்டத்தில். பிறகு வந்த உதவியில், செலவழிக்க வேண்டிய காசின் அவசரம் கரையின் தேவையை முந்தியது. நாட்டில் பல இடங்களில் தேவைக்கு மேல் சிறு படகுகள் கொடுக்கப்பட்டன. அந்தப் பாடத்தை வைத்துச் சொல்வது: இலக்கை மறுக்காதீர்கள், பெயர்ப்பட்டியலைக் கொடுங்கள். "50 பொதி வேண்டாம்" என்றால் சோம்பேறிக் கிளை என்பார்கள். "இந்த 22 குடும்பத்துக்குப் பொதி, இந்த 9 கிணற்றுக்குச் சுத்திகரிப்பு" என்று பட்டியல் அனுப்பினால் மேலிடத்திலும் ஒருவர் அதைக் காட்டித் தன் மேலாளரிடம் பேசலாம்.

கொழும்பின் விதி இங்கே பொருந்தவில்லை. மீறலாமா?

விதியின் நோக்கம் வேறு, வழி வேறு. வழியை மாற்றக் கேளுங்கள், நோக்கத்தைத் தொடாதீர்கள். வெள்ளி நண்பகல் கூட்டம் என்றால் ஜும்ஆ நேரம், காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சம்மாந்துறையிலும் யாரும் வரமாட்டார்கள். தொண்டர் பதிவு இணையத்தில் மட்டும் என்றால் வாகரைப் பக்கம் சிக்னல் இல்லாத ஊர்களில் பேப்பர் படிவம் வேண்டும். இவை நியாயமான மாற்றங்கள்.

நிர்வாக சபையில் மூன்றிலொரு பங்கு பெண்கள் என்ற விதி வரும்போது "எங்கள் பண்பாட்டுக்கு ஒத்துவராது" என்பார்கள். அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சபையில் ஏற்கெனவே இருக்கும் ஆண்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைக் கேட்டுப் பாருங்கள், "கூட்டத்தை இரவு ஏழுக்கு வைக்காமல் பின்நேரம் நாலுக்கு வையுங்கோ" என்பதுதான் பதிலாக வரும்.

மாற்றம் கேட்கும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. விதியின் இலக்கமும் வாசகமும் ஒரு பந்தி. இங்கே அதைப் பின்பற்றினால் என்ன நடந்தது, திகதியோடு ஒரு பந்தி. அதற்குப் பதில் நீங்கள் செய்ய விரும்புவது, எத்தனை மாதம் செய்து பார்ப்பது என்று ஒரு பந்தி. "30 நாளில் பதில் வராவிட்டால் மேற்படி முறையைத் தற்காலிகமாகத் தொடங்குவோம்" என்ற வரி கட்டாயம். கோபத்தில் எழுதிய கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

கிளை சரி, மேலிடம் பிழை என்று ஆனதும் உண்டு. கலிபோர்னியாவின் டுவார்ட்டே நகர றோட்டரிக் கழகம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. மறு வருடம் அதன் பட்டயம் (றோட்டரிக் கழகமாக இயங்கும் உரிமை) பறிக்கப்பட்டது. 1987இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது, 1989இல் றோட்டரியின் சட்டவாக்கச் சபை உலகம் முழுவதும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. ஒன்பது வருட வழக்கு. அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் விஷயம்தானா என்று பார்த்து மோதுங்கள்.

சிறுவர் பாதுகாப்பு விதிகளும் அப்படி மாற்றலாமா?

முடியாது. இதில் ஊர் வழக்கம் பேசவே கூடாது. ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் மச்சான், மாமா. முறைப்பாட்டைக் கிளைக்குள்ளேயே விசாரித்தால் குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினரே விசாரணைக் குழுவில் இருப்பார். முறைப்பாடு கிளையைத் தாண்டி நேராகத் தலைமையகத்துக்குப் போக வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் அலுவலகச் சுவரில் இருக்க வேண்டும்.

தலைமையகம் எங்கள் கிளையை இடைநிறுத்தலாமா?

பெரும்பாலான யாப்புகளில் அந்த அதிகாரம் உண்டு, உலக அளவிலும் பாவித்திருக்கிறார்கள். எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு 1999 கொசோவோப் போரின்போது மற்றப் பிரிவுகளோடு சேராமல் தனியாகக் குழு அனுப்பிய தன் கிரேக்கப் பிரிவையே வெளியேற்றியது, பிறகு மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2023 டிசம்பரில் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனம் பெலாரஸ் சங்கத்தை இடைநிறுத்தியது; அதன் தலைமைச் செயலாளரை நீக்கும்படி கேட்டும் அந்தச் சங்கம் நீக்கவில்லை.

அதிகாரம் இருக்கட்டும், முறை வேண்டும். எழுத்தில் குற்றச்சாட்டு, பதிலுக்குக் குறைந்தது 14 நாள், தமிழில் விசாரணை, விசாரித்தவர்கள் இருக்காத மேன்முறையீட்டுக் குழு, இடைக்காலக் குழுவுக்கு 90 நாள் வரம்பு. கடைசியானது முக்கியம். வரம்பில்லாத இடைக்காலக் குழு மூன்று வருடம் இருக்கும். காசு காணாமற்போனாலோ சிறுவருக்கு ஆபத்தென்றாலோ மட்டும் உடனடியாகக் கணக்கை முடக்கலாம்.

எங்கள் கிளைத் தலைவர் பதினைந்து வருடமாக மாறவில்லை. அதுவும் சுயாதீனமா?

ஊர்க் குழு தனக்குள் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் குரோவேசிய மொழி விக்கிப்பீடியாவைப் பாருங்கள். சிறு நிர்வாகிகள் குழு ஒன்று பல வருடம் அதைக் கையில் வைத்து வரலாற்றைத் திரித்தது. விக்கிப்பீடியாவின் தாய் அமைப்பான விக்கிமீடியா அறக்கட்டளை செய்வித்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா மொழியும் தன்னைத்தானே நடத்துவது அந்த இயக்கத்தின் பலம். அந்தப் பலமே அங்கே ஓட்டையாயிற்று.

பதவிக்காலம் இரண்டு வருடம், தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் இல்லை என்று யாப்பில் இருந்தால் முகம் பார்க்கத் தேவையில்லை. இல்லாவிட்டால் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தலைமையகத்தின் பார்வையாளரைக் கேட்டு எழுதுங்கள். ஐயாவை அவமதிக்காமல் "போசகர்" ஆக்கி வைப்பது ஊர் வழக்கம், அது பரவாயில்லை, காசோலைப் புத்தகம் மட்டும் கைமாறினால் சரி.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு உபகுழு இருக்கிறது. நகரக் கிளைக்குக் கீழேதானே அது?

கொழும்பிடம் நீங்கள் கேட்பதையே அவர்கள் உங்களிடம் கேட்கிறார்கள். வவுணதீவு, கொக்கட்டிச்சோலைத் தொண்டர்கள் ஒவ்வொரு கையெழுத்துக்கும் மட்டக்களப்பு நகரத்துக்கு வர வேண்டும் என்று வைத்திருக்கும் கிளை, தலைமையகத்தின் மையப்படுத்தல் பற்றிப் பேசக் கூடாது. மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபின் வருவது எளிதானது உண்மைதான். ஆனால் வெள்ளத்தில் உட்பாதைகள் மூடினால் அவர்கள் தனித்தீவு. மண்டூருக்குக் குருமண்வெளியிலிருந்து போகிறவர்களுக்கு இன்றும் பாதைப் படகுதான். அம்பாறையில் பொத்துவிலிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர்.

உபகுழுவுக்குச் சில்லறைக் காசாக ஒரு தொகை (உதாரணம்: 15,000 ரூபா), ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம், பூட்டும் பெட்டி, அவசரப் பிரிவின் ஒரு பிரதி கொடுங்கள். மூன்றிலிரண்டு செலவானதும் சிட்டைகளைத் தந்து நிரப்பிக்கொள்ளட்டும். நம் கோயில்களில் அந்தந்தக் குடியின் (தாய்வழிக் குலத்தின்) திருவிழாவை அந்தந்தக் குடிதான் நடத்தும்; கொடியேற்றமும் தீர்த்தமும் யாருடைய விருப்பத்துக்கும் மாறா. பாகம் பிரிக்கத் தெரியாத ஊர் அல்ல இது.

சுற்றறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. என்ன செய்வது?

"காலக்கெடு தமிழ்ப் பிரதி கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படும்" என்ற ஒரு வரியைக் கிளைக்கும் தலைமையகத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி சேர்ந்தால் மொழிபெயர்ப்பு தானாகவே விரைவுபடும். கிளையில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரே எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும் நிலை ஆபத்தானது. ஒரு வருடத்தில் அவர்தான் கிளை என்றாகிவிடும்.

உலகக் கூட்டத்தில் மட்டக்களப்பின் குரல் எப்படிக் கேட்கும்?

உள்ளதைச் சொன்னால், மெதுவாக. உலக சாரணர் மாநாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆறு வாக்கு, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. நாட்டின் அளவு பொருட்டில்லை, ஆனால் அந்த ஆறும் தேசியச் சங்கத்தின் கையில். றோட்டரியின் சட்டவாக்கச் சபையும் மூன்று வருடத்துக்கொரு முறைதான், மாவட்டத்துக்கு ஒரு பிரதிநிதி. ஒரு கழகமும் சட்டத் திருத்தம் முன்வைக்கலாம், மாவட்டம் அதை ஆதரித்தால். வாக்கு விழுந்தாலும் முடிவாகிவிடாது: 2024இல் விக்கிமீடியா இயக்கத்துக்கான சாசனத்தைப் பங்களிப்பாளர்களும் இணைந்த குழுக்களும் பெரும்பான்மையாக ஆதரித்தும், அறக்கட்டளையின் அறங்காவலர் சபை ஏற்கவில்லை.

ஆகவே தேசியக் கூட்டத்தைக் குறிவையுங்கள். தனியே போகாமல் அம்பாறை, திருகோணமலைக் கிளைகளோடு ஒரே வாசகத்தில் தீர்மானம் எழுதி, மூன்று கிளையின் கூட்ட அறிக்கையோடு கொண்டுபோங்கள். ஒரு கிளையின் குறை முறைப்பாடு என்றே கணக்கில் எடுக்கப்படும். மூன்று கிளைகள் சேர்ந்து கொண்டுவந்தால் அதை நிகழ்ச்சிநிரலில் போட்டாக வேண்டும்.

எதுவும் சரிவரவில்லை. பிரிந்து போகலாம் என்று யோசிக்கிறோம். கதிரை, கூடாரம், கிடாரம் யாருக்கு?

யாப்பின் கலைப்புப் பிரிவைப் பாருங்கள். தனிப் பதிவில்லாத கிளையென்றால் பெரும்பாலும் எல்லாம் தலைமையகத்துக்கு. தனிப் பதிவு இருந்தாலும் சொத்தை அங்கத்தவர் பிரித்தெடுக்க முடியாது. ஒத்த நோக்கமுள்ள அமைப்புக்குப் போகும் என்றுதான் வழமையாக எழுதியிருக்கும். கொடையாளர் ஒருவர் குறித்த வேலைக்குத் தந்த காசு மீதியிருந்தால் அவரைக் கேட்காமல் தொட முடியாது.

சிறப்புப் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் அறிவித்தல், மூன்றிலிரண்டு பெரும்பான்மை, இறுதிக் கணக்காய்வு, பொருட் பட்டியலை இரு தரப்பும் நின்று எண்ணி ஒப்பமிடல். பலர் மறப்பவை சிறியவை: றப்பர் சீல், மீதிப் பற்றுச்சீட்டுப் புத்தகம், கடிதத் தலைப்புத் தாள், முகநூல் பக்கத்தின் கடவுச்சொல், வட்ஸ்அப் குழுவின் நிர்வாகப் பொறுப்பு. பயன்படுத்தாத பற்றுச்சீட்டுகளைக் குறுக்கே கோடிழுத்து "ரத்து" என்று எழுதி இலக்கங்களைக் குறித்துக் கொடுங்கள். அமைப்பின் பெயர் பதித்த ரீசேட்களையும் திரும்ப வாங்க வேண்டும். எல்லாம் வராது, பாதி ஏற்கெனவே வயலில் வெருளிக்குப் போட்டிருக்கும்.